ரோனா போர்க்கப்பலா?

2023 நவம்பர் 26, காலை

ஒரு தம்பி இப்படி எழுதியிருக்கிறார்: “இன்றோடு ரோனா மூழ்கி 80 வருஷம். சென்னை–நாகப்பட்டினம்–சிங்கப்பூர் ஓடிய கப்பல்தான், ஆனால் 1940இல் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்ட பிறகு அது போர்க்கப்பல். அதில் செத்தவர்கள் சிப்பாய்கள். நம்ம கப்பல் என்று சொந்தம் கொண்டாட அதில் என்ன இருக்கிறது?”

இருக்கிறது தம்பி. அரசு கப்பலை எடுத்துக்கொண்டது என்றால் விலைக்கு வாங்கியது என்று பொருளில்லை. போர்க்காலச் சட்டப்படி ‘இனி நான் சொல்கிற இடத்துக்கு, நான் சொல்கிற சரக்கோடு போ’ என்று உத்தரவு. அதற்கு வாடகை உண்டு. கப்பல் கம்பெனிக்கே சொந்தம். கேப்டன், என்ஜினியர், செராங்கு (பணியாளர்களின் தலைவர்), தண்டல் (அவருக்கு அடுத்தவர்), அடுப்பு எரிப்பவர், பண்டாரி (சமையல்காரர்) எல்லாரும் கம்பெனி ஆட்கள். அவர்கள் படையில் சேரவில்லை. எப்போதும் போடும் ஒப்பந்தத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைத்துக் கப்பலேறியவர்கள்.

1943இல் ஜெர்மன் விமானத் தாக்குதலில் ரோனா மூழ்கியபோது செத்தவர்கள் 1,138 பேர். அதில் 1,015 பேர் அமெரிக்கப் படையினர், சரி. மீதிப் பேர் யார்? கப்பல் அதிகாரிகள் 5 பேர், பீரங்கி ஆள் ஒருவர், கப்பல் பணியாளர்கள் 117 பேர். மொத்தப் பணியாளர்களே 195 பேர்தான். அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். அந்த 117 பேரில் ஒருவரும் சிப்பாய் இல்லை.

2023 நவம்பர் 26, இரவு

காலையில் கோபத்தோடு எழுதிவிட்டேன். தம்பி தப்பாக எதுவும் கேட்கவில்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் யார் என்று ஒருவர் கேட்டார். நாகப்பட்டினத்தில் 1947இல் பிறந்தேன். 1968இல் ஐந்தாம் என்ஜினியராகக் கடலுக்குப் போனேன். என் முதல் கப்பல் போர்க்காலத்தில் கட்டிய பழைய சரக்குக் கப்பல். மூன்று சிலிண்டர் நீராவி என்ஜின். ஒரு சிலிண்டரில் வேலை செய்து முடித்த ஆவி அடுத்ததற்குப் போகும், அங்கிருந்து மூன்றாவதற்கு. நிமிஷத்துக்கு எழுபது சுற்று இருந்தால் பெரிய விஷயம். அந்த என்ஜினில் நின்றதால்தான் இந்தக் கப்பல்களின் மேல் எனக்கு இத்தனை பிடிப்பு.

ரோனா எங்கள் வீட்டுக் கப்பலும்கூட. 1930களில் என் தாத்தா பினாங்குக்குப் போனது அதில்தான்.

2023 நவம்பர் 28

“எடுத்துக்கொண்ட பிறகு கப்பலில் என்னதான் மாறும்?” என்று ஒரு கேள்வி.

முதலில் நிறம். மேலிருந்து கீழ்வரை சாம்பல் பூச்சு. பின்பகுதியில் பீரங்கி, பழைய நாலு அங்குலமாக இருந்தாலும் சரி. அதைச் சுட கடற்படையிலிருந்தோ தரைப்படையிலிருந்தோ ஆட்கள் வருவார்கள். காந்தக் கண்ணிவெடிக்குப் பயந்து கப்பலைச் சுற்றிச் செம்புக் கேபிள் ஓட்டி மின்சாரம் பாய்ச்சினார்கள். ஆள் ஏற்றும் கப்பலானால் சரக்கு அறைகளில் மேசை, பெஞ்சு, தூங்க ஹம்மக் என்ற தொங்கு படுக்கை மாட்டும் கொக்கிகள்.

இதெல்லாம் படங்களில் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. இருட்டடிப்பு. ராத்திரியில் ஒரு கீற்று வெளிச்சம் வெளியே போகக்கூடாது என்று வட்ட ஜன்னல்களை அடைத்தார்கள், கதவுகளுக்குப் படுதா போட்டார்கள். மேல்தளத்தில் இருப்பவனுக்கு அது வெறும் இருட்டு. பாய்லர் அறையில் இருப்பவனுக்கோ மேலிருந்து வருகிற காற்றும் குறைந்துபோகும். செங்கடலில் ஆகஸ்ட் மாதத்தில் பாய்லர் முன்னால் நின்றவர்களுக்குத்தான் அது புரியும். நான் நின்றிருக்கிறேன், எல்லாக் காற்றுப்போக்கியும் திறந்திருந்த காலத்தில். அப்படியிருந்தும் நாலு மணி நேர வாட்ச் (வேலை முறை) முடிந்து ஏணி ஏறும்போது கால் நடுங்கும்.

2023 நவம்பர் 29

பாய்லர் அடுப்பு பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள். ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். என் கப்பலின் பாய்லர் எண்ணெயில் எரிந்தது. கடலில் நான் நிலக்கரி வாரிப் போட்டதில்லை. அதற்கு முன்னால் ரயில்வே பட்டறையில் பயிற்சி எடுத்தபோது ஒரு ஷன்டிங் என்ஜினில் ஆறு வாரம் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் கப்பலில் எனக்கு மூத்தவர்கள் சொல்லக் கேட்டது.

நடுத்தர அளவுச் சரக்குக் கப்பல் ஒன்று பத்து நாட் வேகத்தில் (மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போல) போக நாளொன்றுக்கு 25, 30 டன் நிலக்கரி தின்னும். அவ்வளவும் மனிதன் கையால், ஷவலில் அள்ளிப் போட்டது. நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். ஞாயிறு கிடையாது.

அள்ளிப் போடுவது சுலபமான பாதி. நல்ல எரிப்பாளர் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார், தணல் மேல் ஒரே கனத்தில் பரவும்படி. நடுவில் குழி விழுந்தால் குளிர்காற்று புகுந்து ஆவி இறங்கும். குவிந்தால் புகையும். கஷ்டமான பாதி அடுப்பைச் சுத்தம் செய்வது. நிலக்கரியில் இருக்கும் மண்ணும் கல்லும் உருகி அடுப்பின் தட்டுக் கம்பிமேல் கட்டி பிடித்துக்கொள்ளும், கிளிங்கர் என்போம். ஆள் உயரத்துக்கும் அதிகமான இரும்புக் கம்பியை விட்டுப் பெயர்த்து, செக்கச் சிவந்த அந்தக் கட்டிகளைக் காலடியில் இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த ஆவியும் கந்தகமும் மூச்சை அடைக்கும்.

அப்புறம் நிலக்கரியைப் பங்கரிலிருந்து (கப்பலின் கரிக் கிடங்கு) தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள். இந்தியப் பணியாளர்கள் உள்ள கப்பலில் கோய்லாவாலா என்று பெயர், எரிப்பவர் ஆக்வாலா. பயணத் தொடக்கத்தில் நிலக்கரி பக்கத்திலேயே இருக்கும். நாள் ஆக ஆக முன்னால் இருப்பது தீர்ந்து, தூரத்து மூலையிலிருந்து தள்ளிவர வேண்டும். அதாவது ஆள் களைக்கக் களைக்க வேலை கூடும். ஆடுகிற கப்பலில், ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில், கரித்தூசிக்குள். இதைச் செய்தவர்களுக்கு வரலாற்றில் ஒரு வரிகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

2023 நவம்பர் 30

“குவிந்தால் புகையும் என்றீர்களே, புகைந்தால் என்ன?” என்று ஒரு கேள்வி.

புகைதான் காட்டிக்கொடுக்கும். கப்பல் தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும்போதே அதன் கரும்புகை மேலே தெரியும். நீர்மூழ்கிக்காரன் அதைப் பார்த்தே வருவான். அதனால் கான்வாயில், அதாவது காவல் கப்பல்களோடு கூட்டமாகப் போகும் வரிசையில், முதல் விதி, புகைக்காதே. காவல் கப்பலிலிருந்து கொடி ஏறும், ‘உன் புகையைக் குறை’ என்று.

ஆனால் போர்க்காலத்தில் கிடைத்த நிலக்கரி பல நேரம் தூளும் கல்லுமாக இருக்கும். அதைப் புகையாமல் எரிக்கவும் வேண்டும், வேகத்தையும் விடக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பைச் சுத்தம் செய்தால் ஆவி இறங்கும், கப்பல் பின்தங்கும். பின்தங்கிய கப்பலுக்காகக் கான்வாய் நிற்காது. மேலே கேப்டன் பேச்சுக்குழாயில் கத்துவார், “வேகம் வேண்டும்”, அடுத்த நிமிஷம் “புகை வருகிறது”. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஷவல் பிடித்தவர்.

1940 அக்டோபரில் அட்லாண்டிக்கில் எஸ்சி 7 என்ற மெதுக் கான்வாய் போனது. புறப்பட்டவை 35 கப்பல்கள். அவற்றில் 20 மூழ்கிவிட்டன. மெதுக் கான்வாய் என்றால் ஏழு நாட், எட்டு நாட். வயதான நீராவிக் கப்பல்களுக்கு அதுவே முழு மூச்சு.

சாம்பலையும் பகலில் கடலில் கொட்டக்கூடாது. மிதக்கிற குப்பையும் சாம்பலும் கப்பல் போன வழியைச் சொல்லிவிடும். பகலெல்லாம் சேர்த்து வைத்து இருட்டியதும் கொட்டுவார்கள். அதனால் பகல் வாட்ச்காரர்கள் சாம்பல் குவியலுக்கு நடுவில் நின்றுதான் வேலை செய்தார்கள்.

2023 நவம்பர் 30, பிற்பகல்

மேலே எழுதியதில் கரி பற்றிய பகுதி ரோனாவுக்கென்று எழுதியதல்ல. எடுத்துக்கொள்ளப்பட்ட சரக்குக் கப்பல்கள் பலவற்றுக்கும் பொது. கலந்துவிட வேண்டாம்.

2023 டிசம்பர் 2

சம்பளம். ஒரு நண்பர் “கப்பல் மூழ்கினால் அன்றோடு சம்பளம் கட் என்கிறார்களே, உண்மையா?” என்றார். உண்மை. கப்பல் போனால் ஒப்பந்தமும் போயிற்று. படகில் மிதந்துகொண்டிருப்பவன் கணக்கில் வேலையில் இல்லாதவன். 1941 மே மாதம் வந்த உத்தரவுதான் இதை மாற்றியது.

2023 டிசம்பர் 3

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். 1925இல் பிரிட்டனில் வந்த சட்டம் ஒன்று உண்டு. கப்பல் அழிந்து வேலை போனால், வேலையில்லாத நாட்களுக்கு இரண்டு மாதம் வரை ஈடு தரவேண்டும் என்றது. ஆக, ‘அன்றோடு முடிந்தது’ என்று நான் எழுதியது முழுச் சரியில்லை. கூலி நின்றது, ஈடு கேட்க வழி இருந்தது. 1941 உத்தரவுக்குப் பிறகு பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு நிலையான வேலை, பொதுப் பட்டியல், கப்பல் இல்லாத நாளுக்கும் சம்பளம் என்று ஓர் ஒழுங்கு வந்தது.

ஆனால் இதை வைத்து ‘அப்படியானால் எல்லாம் நியாயமாகத்தானே இருந்தது’ என்று முடிவுகட்ட வேண்டாம். போர் தொடங்கியபோது இந்திய மாலுமியின் சம்பளம் அதே வேலை பார்த்த வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தூங்கக் கொடுத்த இடமும் குறைவு. 1939 இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் ‘சம்பளம் கூட்டு, இல்லாவிட்டால் கப்பலேற மாட்டோம்’ என்று நின்றார்கள். பலரைச் சிறையில் போட்டார்கள். அப்படியும் நின்றார்கள், கூலி உயர்ந்தது. போர் தொடங்கிய சில வாரங்களில், அந்நிய ஊரில், மொழி தெரியாத நீதிமன்றத்தில் நின்று இதைச் சாதித்தார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

2023 டிசம்பர் 6

ரஜூலா பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எழுதாமல் இருக்க முடியுமா!

ரோனாவும் ரஜூலாவும் 1926இல் ஒரே பாதைக்கென்று கட்டிய இரட்டைகள். ஒன்று டைன் நதிக்கரையில், மற்றது கிளாஸ்கோவில். ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள ரஜூலாவுக்கு அனுமதி இருந்தது, பெரும்பாலும் டெக் பயணிகள், அதாவது அறை இல்லாமல் தளத்திலேயே படுத்துப் போகிறவர்கள். அதையும் போர் எடுத்துக்கொண்டது. ஆனால் அது திரும்பி வந்தது. மறுபடி அதே பாதை, 1973 வரை. கடைசியில் ரங்கத் என்று பெயர் மாற்றி, 1974இல் பம்பாயில் உடைத்தார்கள்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையைத் தொட முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் ஆளும் வெங்காய மூட்டையும் போகும். அப்பா என்னைத் தோளில் வைத்துக் கடற்கரையில் காட்டுவார், “அதோ ரஜூலா” என்று. அலையில் படகு எம்பும்போது பெண்கள் கூவுவது காற்றில் கேட்கும். அந்தக் கப்பல் ஒரு போருக்குப் போய்விட்டு வந்தது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. கடலில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

2023 டிசம்பர் 7

அத்தையிடம் நேற்று போனில் பேசினேன். வயது 91. தாத்தா போனது ரோனாவில் இல்லையாம், ரஜூலாவிலாம். “ரோனா உன் சித்தப்பா தாத்தா போனது” என்கிறார், அடித்துச் சொல்கிறார். ஆக, 26ஆம் தேதி நான் எழுதியது தவறு. எங்கள் வீட்டுக்கு இரண்டு கப்பலும் சொந்தம் என்று ஆகிவிட்டது.

2023 டிசம்பர் 10

இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: “ரோனாவில் இந்தியப் பணியாளர்கள் சிப்பாய்களை விட்டுவிட்டு முதலில் படகேறி ஓடினார்கள் என்று அமெரிக்கர்கள் எழுதியிருக்கிறார்களே.”

எழுதியிருக்கிறார்கள். தப்பிப் பிழைத்த சிலர் அப்படி நினைவுகூர்ந்திருக்கிறார்கள், அவர்கள் கண்ணில் பட்டதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். இருட்டும் நேரம், கப்பல் எரிகிறது, பெரிய அலை. யாரோ சிலர் படகை இறக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கலாம். ஆனால் முழுக் கதையையும் வைத்துப் பாருங்கள்.

1943 நவம்பர் 25 அன்று ஓரான் துறைமுகத்தில் அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு ரோனா கேஎம்எப் 26 கான்வாயில் சேர்ந்தது. சூயஸ் வழியாக இந்தியா வரவேண்டும். மறுநாள் மாலை அல்ஜீரியாக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானங்கள் வந்தன. ஒரு ஹெய்ங்கல் 177 விமானம் விட்டது சாதாரணக் குண்டு இல்லை, வானொலிக் கட்டளையால் திருப்பக்கூடிய சறுக்கு குண்டு, ஹென்ஷெல் 293. அது இடப்பக்கம், என்ஜின் ரூம் பகுதியில் பாய்ந்தது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

கப்பலில் இருந்தவனுக்கு இந்த நேரம் ஒன்றைச் சொல்லும். ஐந்து மணி என்றால் நாலு–எட்டு வாட்ச் கீழே இருக்கும். என்ஜின் ரூமிலும் பாய்லர் முன்னாலும் நின்றவர்கள் அவர்கள். படகில் முதலில் ஏறினார்களா இல்லையா என்ற கேள்விக்கே அவர்கள் வந்திருக்க முடியாது.

படகுகள் 22 இருந்தன. சில வெடிப்பிலேயே போயின, பல இறங்க மறுத்தன. எட்டுதான் தண்ணீரைத் தொட்டன, அவற்றிலும் பாரம் தாங்காமல் கவிழ்ந்தவை உண்டு. பயோனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் தனியாக 606 பேரைத் தூக்கியது. பணியாளர் 195 பேரில் 117 பேர் இறந்தார்கள், அதாவது பத்தில் ஆறு பேர். ஓடிப்போனவர்களின் கணக்கு இப்படி இருக்காது.

இன்னொன்று. இந்த மூழ்கலை அமெரிக்க அரசு பல வருஷம் மறைத்து வைத்தது, புது ஆயுதம் பலித்தது எதிரிக்குத் தெரியக்கூடாது என்று. அமெரிக்கக் குடும்பங்களுக்கே விவரம் தெரியவில்லை. 2000இல்தான் அவர்கள் காங்கிரஸ் தீர்மானம் போட்டு நினைவுகூர்ந்தது. அப்படியிருக்க, கடலோரக் கிராமத்தில் இருந்த ஒரு ஆக்வாலாவின் மனைவிக்கு யார் வந்து என்ன சொல்லியிருப்பார்கள்?

2023 டிசம்பர் 11

நேற்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். ‘ஓடிப்போனவர்களின் கணக்கு இப்படி இருக்காது’ என்ற வரியை அப்படியே விடுகிறேன்.

ஆனால் முதல் நாள் எழுதிய ஒன்றை மறுபடி யோசிக்கிறேன். சிப்பாய்கள் வேறு, பணியாளர்கள் வேறு என்று கோடு கிழித்தேன். சட்டத்தில் அந்தக் கோடு உண்டு. கடலில் அது அவ்வளவு தெளிவாக இல்லை. வணிகக் கப்பல் மாலுமிகளுக்கே பீரங்கிப் பயிற்சி கொடுத்தார்கள், குண்டு எடுத்துக் கொடுப்பதும் பீரங்கிக் குழாய் துடைப்பதும் அவர்கள் வேலை. பிடிபட்டவர்களையும் ஜெர்மனி விடவில்லை. பிரெமன் பக்கத்தில் மிலாக் நோர்ட் என்று வணிகக் கப்பல் மாலுமிகளுக்கென்றே ஒரு முகாம், இந்தியர்களும் அதில் அடைபட்டிருந்தார்கள். சிப்பாய்க்கு வருகிற ஆபத்து எல்லாம் வந்தது. சிப்பாய்க்குக் கிடைத்த பேரும் கவனமும் வரவில்லை. தம்பி, உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2023 டிசம்பர் 14

“பெயர்கள் எங்காவது இருக்கிறதா?”

இருக்கிறது. இரண்டாம் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000 பேருக்கு மேல். கல்லில் செதுக்கவில்லை, புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இரண்டு புத்தகங்கள். ஒன்று மும்பையில் மாலுமிகள் இல்லத்தில், மற்றது சிட்டகாங்கில். முதல் உலகப் போரில் இறந்த வங்காள, அஸ்ஸாம் லஸ்கர்கள் (இந்தியக் கப்பல் பணியாளர்கள்) 896 பேருக்குக் கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் தனி நினைவுத்தூண் உண்டு.

2023 டிசம்பர் 19

மூத்தவர்கள் சொல்லக் கேட்டேன் என்றேனே, அதில் முக்கியமானவர் யார் என்று கேட்டார்கள்.

என் முதல் கப்பலில் டாங்கிவாலா ஒருவர், சின்னப் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். கல்கத்தாவில் கப்பலேறியவர். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். போர்க்காலத்தில் கோய்லாவாலாவாகத் தொடங்கி, இரண்டு தடவை கப்பல் அடிபட்டுத் தப்பியவர். அதைப் பற்றி அவராகப் பேசியதே இல்லை. கேபின் கதவைச் சாத்த மாட்டார், குளிர் அடித்தாலும். கொக்கி மாட்டித் திறந்தே வைத்திருப்பார். வெடிப்பில் சட்டம் கோணினால் கதவு திறக்காது என்று பின்னால் புரிந்தது.

நான் சேர்ந்த முதல் நாள் என்னை என்ஜின் ரூம் அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். சுழலும் தண்டின் தாங்கி சூடேறியிருக்கிறதா என்று அது வந்து போகிற தாளத்தோடு உள்ளங்கையை வைத்துப் பார்க்கக் காட்டிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அதை மறுநாள் கற்றுக்கொடுத்தார். அன்று அவர் சொன்னது, “சாப், கண்ணை மூடு. மேலே போ.”

மூடிக்கொண்டு ஏறினேன். முதல் ஏணி முடிந்ததும் திரும்ப வேண்டிய இடத்தில் தலையை இடித்துக்கொண்டேன். இறங்கி வரச்சொன்னார். மறுபடி. நாலாவது தடவை இடிக்காமல் மேல்தளத்துக்கு வந்தேன். 41 படி, இரண்டு திருப்பம். அன்று மாலையும் ஒருமுறை ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்போது போர் முடிந்து 23 வருஷம் ஆகியிருந்தது.

2023 டிசம்பர் 20

அத்தை மறுபடி போன் செய்தார். சித்தப்பா தாத்தாவின் பெட்டியில் ரோனா பயணச் சீட்டு ஒன்று இருந்ததாம், பெட்டியை யாரோ கும்பகோணத்துக்கு எடுத்துப்போனார்களாம். பொங்கலுக்குப் போகும்போது தேடிப் பார்க்கிறேன்.